கருவிக்கு ஒரு நாள்

ஒரு சமயத்தாரின் திருநாளை மற்றொரு சமயத்தார் அறிந்துகொள்வதற்கு வழிகள் இரண்டு. ஒன்று விடுமுறைப் பட்டியல். மற்றொன்று அண்டை வீடு. முன்னது நாளை மட்டுமே சொல்லும். பின்னதே பொருளைச் சொல்லும். நெய்வேலி நகரியத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் நாம், ஆயுத பூசை என்னும் திருநாளை இரண்டாம் வழியிலேயே அறிந்துகொண்டோம். அரபியும் தமிழும் கற்று, அவ்விரண்டையும் கற்பித்துப் பிழைக்கும் ஒருவருக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நம் முன்னோர் ஒருவரைச் சான்றாகக் காட்டுவோம்.

குவாரிஸ்மில் 973ஆம் ஆண்டில் பிறந்த அறிஞர் அபூரைஹான் அல்பிரூனி, கஜ்னி அரசின் படைகள் இந்நாட்டைக் கலக்கிய காலத்தில் வாழ்ந்தவர். வாளோடு வந்தவர்களின் காலத்திலே அவர் எழுதுகோலோடு வந்தார். வடமொழி கற்றார்; பண்டிதர்களிடம் வினவினார்; ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் இந்தியாவைப் பற்றி அரபியில் ஒரு பெருநூல் இயற்றினார். 'கிதாபுல் ஹிந்த்' என்று வழங்கும் அந்நூலில் இந்துக்களின் திருநாள்களுக்கென்றே ஓர் இயலை ஒதுக்கியிருக்கிறார். மூல நாளில் தொடங்கும் கரும்புத் திருவிழாவையும், மஹாநவமியையும், பகவதிக்கு முதல் விளைவு படைக்கப்படுவதையும் அங்கே குறித்திருக்கிறார். தமது நூல் வாதம் புரிவதற்காக எழுதப்பட்டதன்று, உள்ளதை உள்ளவாறு எடுத்துரைப்பதற்கே என்பதையும் அவர் தெளிவுபடுத்திவிட்டார். தம் நம்பிக்கையில் சிறிதும் தளராத ஒருவர், பிறர் நம்பிக்கையை அவர்கள் சொல்கிறபடியே கேட்டு எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காட்டப்பட்ட அந்த நேர்மையில் நூற்றில் ஒரு பங்கேனும் நமக்கு வேண்டாவா?

இனி, திருநாளுக்கு வருவோம். புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் ஒன்பது இரவுகள் நவராத்திரி எனப்படும். முதல் மூன்று நாள்கள் துர்க்கைக்கும், நடு மூன்று நாள்கள் இலக்குமிக்கும், இறுதி மூன்று நாள்கள் சரசுவதிக்கும் உரியவை என்பது தமிழ்நாட்டு வழக்கு. வீரம், செல்வம், கல்வி என்ற வரிசை அது. வீடுகளில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் படிகள் அமைத்துக் கொலு வைப்பார்கள். மாலைதோறும் பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்று, பாடி, சுண்டலும் தாம்பூலமும் பெற்று மீள்வார்கள். ஒன்பதாம் நாளாகிய நவமியன்று வீட்டில் நூல்களையும் இசைக் கருவிகளையும் அடுக்கி வைப்பது சரசுவதி பூசை. தொழிலிடத்தில் கருவிகளைத் துலக்கி வைப்பது ஆயுத பூசை. இரண்டும் ஒரே நாளில் நிகழ்கின்றன. மறுநாள் விசயதசமி. அன்று மீண்டும் ஒருமுறை வழிபட்டு, அடுக்கியவற்றை எடுத்து, படிப்பையும் தொழிலையும் புதிதாகத் தொடங்குவர்.

இவ்வழக்கின் உயிர்நாடி எதுவென்று கேட்டால், பொரியும் கடலையும் அன்று, சந்தனமும் குங்குமமும் அன்று, ஓய்வே என்போம். அடுக்கி வைத்த நூலை அன்று படிக்கக் கூடாது. துலக்கி வைத்த கருவியை அன்று தொடக் கூடாது. ஆண்டு முழுவதும் நமக்காக உழைத்த பொருளுக்கு ஒரு நாள் ஓய்வு. உளியும் சுத்தியலும், தையற்காரரின் கத்தரிக்கோலும், முடிதிருத்துவோரின் கத்தியும், கணக்கரின் எழுதுகோலும், காய்கறிக் கடைக்காரரின் தராசும் அன்று ஒரே வரிசையில் அமர்கின்றன. இன்ன கருவி உயர்ந்தது, இன்னது தாழ்ந்தது என்ற பேதம் அங்கே இல்லை. சாதியால் தொழிலைப் பிரித்துவைத்த ஒரு சமூகத்தில் இஃது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியாகும்.

ஆயினும் தொடக்கத்தில் இது தொழிலாளியின் திருநாளாக இருக்கவில்லை. 'ஆயுதம்' என்னும் சொல்லே அதனைக் காட்டிக்கொடுக்கிறது. படைக்கலங்களைப் போற்றும் வழக்கம் தமிழில் மிகப் பழையது; தொல்காப்பியப் புறத்திணையியல் வாள்மங்கலம் என்று ஒரு துறையையே வகுத்திருக்கிறது. பாண்டவர் தம் மறைந்துறை வாழ்வின்போது வன்னி மரத்தில் ஒளித்துவைத்த படைக்கலங்களை மீண்டும் எடுத்த நாளே விசயதசமி என்று பாரதக் கதையோடு இணைத்துச் சொல்வதும் உண்டு. விசயநகர மன்னர்கள் இவ்விழாவை அரசு விழாவாகவே ஆக்கினர். அம்பியில் இன்றும் நிற்கும் மகாநவமி மேடை அதற்குச் சான்று. தைமூரின் மகன் ஷாருக் மன்னரின் தூதராக 1443ஆம் ஆண்டில் அங்கே வந்த அப்துர் ரஸ்ஸாக் சமர்கந்தி, அவ்விழாவை நேரில் கண்டு பாரசீக மொழியில் எழுதிவைத்தார். அணிசெய்யப்பட்ட யானைகளின் பெருங்கூட்டத்தையும், பல அடுக்குகளாக எழுந்த மண்டபங்களையும் கண்டு வியந்த அவருடைய எழுத்து, இவ்விழாவின் வரலாற்றை ஆராய்வோர் விடாமல் எடுத்தாளும் சான்றுகளில் ஒன்று. ஆக, இத்திருநாளைப் பற்றிய பழஞ்செய்திகளுள் இரண்டு, அரபியிலும் பாரசீகத்திலும் எழுதிய நம்மவர் கையால் காக்கப்பட்டுள்ளன என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

விசயநகரம் வீழ்ந்தது. மைசூர் அரசர் 1610ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டணத்தில் அவ்விழாவைத் தொடர்ந்தனர். பின்னர் அரசர்களும் மறைந்தனர். ஆனால் விழா மறையவில்லை. மன்னனின் படைக்கலக் கொட்டிலை விட்டு வெளியேறித் தொழிலாளியின் பட்டறைக்குள் வந்து குடிபுகுந்தது. வாள் இருந்த இடத்தில் அரிவாள் அமர்ந்தது; தேர் இருந்த இடத்தில் ஆட்டோ நின்றது. கொல்லும் கருவியைப் போற்றிய நாள், பிழைக்கும் கருவியைப் போற்றும் நாளாக மாறிற்று. அந்த மாற்றத்தின் எல்லையைக் காண வேண்டுமானால் நெய்வேலிக்குத்தான் வர வேண்டும்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது, நீரோடு கரும்பழுப்பு நிறத் துகள்களும் மேலே வந்தன. அதுவே இவ்வூரின் தலையெழுத்தை மாற்றியது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. 1962இல் மின் உற்பத்தி தொடங்கிற்று. மேலே ஐம்பது மீட்டருக்கும் அதிகமான மண். கீழே, நிலக்கரிக்கும் அடியில், மேலெழும்பத் துடிக்கும் நிலத்தடி நீர். மண்ணை ஓயாது அகற்ற வேண்டும். நீரை ஓயாது இறைக்க வேண்டும். இரண்டில் ஒன்று நின்றாலும் சுரங்கம் இல்லை.

மண்ணை அகற்றுவதற்கு வந்தவை, வாளிகள் பூட்டிய பெருஞ்சக்கரங்கள் சுழலும் அகழ்வு எந்திரங்கள். செருமானிய நாட்டிலிருந்து வந்த அவற்றை இங்குள்ளோர் 'பக்கெட் வீல்' என்பார்கள். ஒரு வாளி எழுநூறு லிட்டர் கொள்ளும்; ஆயிரத்து நானூறு லிட்டர் கொள்ளும் வாளிகளும் உண்டு. அத்தனை பெரிய எந்திரத்தையும் இவ்வூர் மண் முதலில் தோற்கடிக்கப் பார்த்தது. கடலூர் மணற்பாறை என்று புவியியலார் குறிக்கும் அப்படிவம் உப்புத்தாள் போலச் சுரண்டக்கூடியது. வாளியின் விளிம்பிலுள்ள எஃகுப் பற்கள் அதில் பட்டுத் தேய்ந்தன. தேய்ந்த பற்களைக் கழற்றி மாற்றுவதும், உலோகம் ஊற்றிப் பற்றவைத்து மீண்டும் பூட்டுவதும் இங்கே ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது.

நமக்கு அண்டை வீட்டாராகப் பல்லாண்டுகள் வாழ்ந்த ஒரு பெரியவர் அத்தொழிலைச் செய்தவர். சுரங்கப் பட்டறையில் வெல்டர். ஆயுத பூசை நெருங்கும் நாள்களில், எந்திரத்தின் அழுக்கை வழித்து, எண்ணெய் பூசி, வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டதையெல்லாம் நம்மிடம் விரித்துரைப்பார். ஒரு முறை நாம் அவரிடம், "அவ்வளவு பெரிய எந்திரத்தில் மாலையை எங்கே சூட்டுவீர்கள்?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு, "பல்லுக்குத்தான் சார். மண்ணோடு மல்லுக்கு நிற்கிறது அதுதானே? வருசம் முழுக்க நமக்காகத் தேய்ஞ்சதுக்கு ஒரு நாள் பூ வைக்கிறோம்" என்றார்.

இச்சொற்களைக் கேட்ட அன்று நம் நினைவில் எழுந்தது புறநானூற்றின் தொண்ணூற்றைந்தாம் பாட்டு. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கே வேல்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பட்டுப் பளபளத்தன. ஔவையார் அவற்றைப் புகழ்வது போலவே புகழ்ந்துவிட்டு, அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். உழைக்காத கருவிக்கே ஒப்பனை, உழைத்த கருவிக்குத் தேய்மானமே அணி என்பது அப்புலவரின் குறிப்பு. தொண்டைமான் தலைகுனிந்திருப்பான்.

ஆயுத பூசையின் அழகு இங்கேதான் நமக்குப் புலப்பட்டது. ஔவையார் இருவேறு கொட்டில்களில் கண்ட மாலையும் தேய்மானமும் அன்று ஒரே கருவியில் கூடுகின்றன. மாலை சூடிய பல் தேய்ந்த பல். தேய்ந்த பல்லே மாலை சூடுகிறது. புதிய கருவிக்குப் பொட்டிடுவது ஆசையால். பழைய கருவிக்குப் பொட்டிடுவது நன்றியால்.

நெய்வேலிக்கு மற்றுமொரு தனித்தன்மை உண்டு. கருவிக்கு ஓய்வு என்பது பூசையின் விதி என்றோம். அனல் மின் நிலையத்துக்கு அந்த ஓய்வைத் தர இயலாது. கொதிகலன் அணைந்தால் தமிழகத்திலும் அண்டை மாநிலங்களிலும் விளக்குகள் மங்கும். ஆகவே, சுழலி சுழன்றுகொண்டிருக்கும்போதே இங்கே பூசை நடக்கிறது. ஒரு முறைப் பணியாளர் பொட்டிட்டுப் பொரி பெற்று வீடு திரும்புவர். அடுத்த முறைப் பணியாளர் அதே நேரத்தில் உள்ளே செல்வர். ஊரெல்லாம் கருவிக்கு விடுமுறை அளித்து விளக்கேற்றிக் கொண்டாடுகிறதென்றால், அந்த விளக்குக்காக விடுமுறை இன்றி உழைப்பவர் எங்கோ இருக்கிறார் என்பதை இவ்வூர் அறியும்.

இவ்வூர் அறிந்த வேறொன்றும் உண்டு. எந்திரம் சோறு போடும். எந்திரம் உயிரையும் வாங்கும். 2020ஆம் ஆண்டு மே 7ஆம் நாளிலும், அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாளிலும் இரண்டாம் அனல் மின் நிலையத்தின் கொதிகலன்களில் நேர்ந்த விபத்துகளில் தொழிலாளர் பலர் மாண்டனர். அந்த ஆண்டு நவமியன்று அண்டை வீட்டுப் பெரியவர் பூசையை மிகச் சுருக்கமாகவே முடித்துக்கொண்டார். அது பெருந்தொற்றுக் காலமுமாகும். முகக்கவசத்தோடு வாசலில் நின்று, "கருவி நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிறது கருவிக்காக இல்ல சார், அதைப் பிடிக்கிற கைக்காக" என்று மட்டும் சொன்னார். இத்திருநாளின் பொருளைப் பற்றி எத்தனையோ சொற்பொழிவுகளைக் கேட்டிருக்கிறோம். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவை ஈடாகவில்லை.

வீட்டுக்குள் நடக்கும் சரசுவதி பூசை ஆசிரியத் தொழிலினராகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. அன்று தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பாடப்படுவது குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலை. பதினேழாம் நூற்றாண்டில் காசிக்குச் சென்ற அத்துறவி, அங்கிருந்த முஸ்லிம் ஆட்சியாளரோடு அவர் மொழியிலேயே உரையாட வேண்டி, அம்மொழியறிவை அருளுமாறு கலைமகளை நோக்கி அதனைப் பாடினார் என்பது மரபு. பிறர் மொழியைக் கற்று அவரோடு பேச விழைந்த ஒருவரின் வேண்டுகோள், கல்வித் திருநாளின் பாட்டாக நிலைத்துவிட்டது. வடமொழி கற்ற அல்பிரூனியையும், இந்துத்தானி கற்க விழைந்த குமரகுருபரரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள்; அண்டை வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது விளங்கும்.

தமிழ் மாணவன் காலில் புத்தகம் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். ஓதுபள்ளியில் நாம் பயின்ற காலத்தில் எழுத்துள்ள துண்டுத்தாள் தரையில் கிடந்தாலும் எடுத்து உயர்ந்த இடத்தில் வைக்கப் பழக்கப்பட்டோம். விசயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சரிசியில் முதலெழுத்தை எழுதவைப்பார்கள். வடநாட்டு முஸ்லிம்களிடையே, பிள்ளைக்கு நான்கு வயதும் நான்கு மாதமும் நான்கு நாளும் நிறைந்தவுடன் 'பிஸ்மில்லாஹ்' சொல்லிக்கொடுத்து ஓதத் தொடங்கிவைக்கும் வழக்கம் உண்டு. சடங்குகள் வேறு, பிள்ளையின் பிஞ்சு விரலைப் பிடித்திருக்கும் பெரியவரின் கை நடுக்கம் ஒன்றே.

இவ்வளவும் சொன்னபின், வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்வதே முறை. ஒற்றுமை பேசுகிறோம் என்ற பெயரில் எல்லாம் ஒன்றே என்று கலக்கிவிடுவது இரு சமயங்களுக்கும் செய்யும் அவமதிப்பாகும். இறைவன் ஒருவனையன்றி வேறெதனையும் வணங்குவதில்லை என்பது நம் நம்பிக்கையின் அடித்தளம். இரும்பின் பெயரால் 'அல்ஹதீத்' என்றும் எழுதுகோலின் பெயரால் 'அல்கலம்' என்றும் அத்தியாயங்கள் திருக்குர்ஆனில் உள்ளன. தாவூத் (அலை) அவர்களுக்கு இறைவன் இரும்பை இளக்கிக் கொடுத்ததையும் அதனால் அவர்கள் கவசம் செய்ததையும் திருமறை கூறுகிறது. எனவே, கருவி நமக்கும் சிறப்புடையதே. ஆனால் அது இறைவன் அளித்த நிஃமத். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அருட்கொடைக்கு நன்றியை அளித்தவனிடம் செலுத்துகிறோம், அடைக்கலப் பொருளைப் பேணிக் காக்கிறோம், அதனை வணங்குவதில்லை. இந்து அன்பரோ, எங்கும் நிறைந்த ஆற்றலையே கருவியிலும் காண்பதாகக் கூறுகிறார். அவர் கைகூப்பும் இடத்தில் நாம் கைகூப்புவதில்லை. ஆயினும், கருவியைத் துடைத்து வைக்கும் வரையில் இருவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம்.

நம்மிடம் ஓதும் இளைஞர் ஒருவர் ஒரு நாள் மஃரிபு தொழுகைக்குப்பின் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், பூசைப் பொரியைப் பக்கத்து வீட்டார் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா?" என்று வினவினார். சட்ட நூல்களைப் பிரிக்கும் முன்னர் நம் வீட்டு நடைமுறையை அவருக்குச் சொன்னோம். அண்டை வீட்டு அம்மையார், படையலிடும் முன்பே பொரியும் கடலையும் சுண்டலும் ஒரு தட்டில் தனியே எடுத்து வைத்துவிடுவார். "இது படைச்சது இல்லைங்க, உங்களுக்குன்னு முதல்லயே எடுத்து வெச்சது" என்று சொல்லியே நம் வீட்டாரிடம் கொடுப்பார். அவ்வாறு செய்யும்படி நாம் எந்நாளும் கேட்டதில்லை. நம் சமயத்தின் வரம்பை அவரே அறிந்து, நம்மைச் சங்கடத்துக்கு உள்ளாக்காத வழியைத் தாமே கண்டுகொண்டார். புலால் உண்ணாத அக்குடும்பத்துக்கு, நோன்புக் காலத்தில் இறைச்சி சேர்க்காத கஞ்சியைத் தனி அடுப்பில் தனிப் பாத்திரத்தில் நம் வீட்டார் காய்ச்சிக் கொடுப்பதும் அவ்வாறே. படையல் உணவைப் பற்றிய சட்டம் சட்டமாகவே இருக்கட்டும். அதில் விட்டுக்கொடுக்கும்படி நாம் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால், தட்டை ஏந்தி வாசலில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் சட்டத்தை மட்டும் பார்ப்பவர் சட்டத்தையும் முழுமையாகப் பார்த்தவர் ஆகார். அண்டை வீட்டாருக்குரிய கடமைகளும் அதே நூல்களில்தானே எழுதப்பட்டிருக்கின்றன?

பழகியவர் என்ற உரிமையில் சிறு குறை ஒன்றையும் சொல்லலாம் என எண்ணுகிறோம். கண்ணேறு கழிக்கும் பொருட்டுக் குங்குமம் தடவிய பூசணிக்காயை நடுச்சாலையில் உடைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இருசக்கர வண்டியில் வருவோர் அதில் சறுக்கி விழுகின்றனர். சாலையில் உடைக்க வேண்டாம், உடைத்தாலும் ஓரமாக ஒதுக்கிவிடுங்கள் என்று ஆண்டுதோறும் காவல் துறையினர் வேண்டுகின்றனர். இந்துப் பெரியோர் பலரும் அதையே கூறுகின்றனர். ஒருவர் வண்டியைக் காக்க உடைத்த காய், மற்றொருவர் எலும்பை உடைத்துவிடலாகாது.

பெருங்குறை ஒன்று உண்டு. அஃது இந்துக்களுக்கு மட்டும் உரியதன்று. நம் அனைவருக்கும் உரியது. கருவிக்கு மாலை சூட்டும் முதலாளிகள் பலர், அதனைப் பிடித்த கையை மறந்துவிடுகிறார்கள். எந்திரத்துக்கு எண்ணெய் இட நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் கையுறை கிழிந்தால் மாற்றித்தர நாள் குறிக்கப்பட்டிருக்கிறதா? பட்டறை வைத்திருக்கும் முஸ்லிம் அன்பர் ஒருவரை நாம் அறிவோம். நவமியன்று அவர் பூசை செய்வதில்லை. ஆனால் தொழிலாளர் தம் விருப்பப்படி செய்துகொள்ளப் பட்டறையைத் திறந்துவிட்டு, புத்தாடையும் இனிப்பும் ஊக்கத்தொகையும் தம் கையாலேயே கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். உழைத்தவனின் கூலியைத் தாமதமின்றித் தந்துவிட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஆயுத பூசை நாளில் ஒரு முஸ்லிம் தம் சமயத்தின்படியே செய்யக்கூடிய சிறந்த காரியம் இதுவாகும் என்பது நம் கருத்து.

விசயதசமி விடிந்ததும் அடுக்கிய நூல்களை எடுத்து ஒரு பக்கமேனும் படிக்க வேண்டும். துலக்கிய கருவியை எடுத்துச் சிறிதேனும் வேலை செய்ய வேண்டும் என்பது வழக்கு. ஓய்வு கொடுத்ததன் நோக்கம் மீண்டும் உழைப்பதே. நகரியத்துச் சாலைகளில் அன்று காலை, வாடாத மாலையோடும் காயாத சந்தனத்தோடும் மிதிவண்டிகளும் பேருந்துகளும் ஓடக் காணலாம். சுரங்கத்தின் அடியிலே, நேற்றுப் பூச்சூடிய எஃகுப் பற்கள் மீண்டும் மணற்பாறையைக் கவ்வும். மாலை உதிர்ந்துவிடும்; பல் தேயும். அடுத்த நவமி வரும்வரை அந்தப் பல்லுக்கும் அதைப் பற்றவைக்கும் கைக்கும் ஊறு நேராதிருக்க வல்ல இறைவன் காத்தருள்வானாக.